பழைய காரில் சஸ்பென்ஷன் போல்ட்டின் மரை போய்விட்டால்: கழற்றுவதிலிருந்து இறுக்கி முடிப்பது வரை

ஸ்பானரைப் போட்டு இறுக்குகிறீர்கள். நன்றாக இறுகிக்கொண்டு வந்த போல்ட் திடீரென்று இலகுவாகி, அரைச் சுற்று, ஒரு சுற்று என்று சும்மா சுற்றிக்கொண்டே போகிறது. வெளியே எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் பள்ளங்களில் மெல்லிய உலோக நாடா சுருள் சுருளாகச் சிக்கியிருக்கிறது. அந்த நாடாதான் இதுவரை நட்டுக்குள் இருந்த மரை. வயதான காரில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கீழ்க்கை), ஷாக் அப்சார்பர், கிராஸ் மெம்பர் (வண்டிக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம்) என்று எதைக் கழற்றி மாட்டினாலும் இது நடக்கலாம்.

"ஓரளவு பிடித்திருக்கிறதே, ஓட்டிப் பார்ப்போம்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். சஸ்பென்ஷன் போல்ட் துளைக்கு நடுவே நின்று நேரடியாகப் பாரம் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், இறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. பிரேக் போடும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் வருகிற பாரத்தை, அழுந்திய இரு பரப்புகளுக்கு நடுவே உள்ள உராய்வு தாங்கிக்கொள்கிறது. அழுத்தம் குறைந்தால் பாகங்கள் நழுவத் தொடங்கும். அப்போதுதான் போல்ட் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வளைந்து நிமிர்கிறது, விரிசல் விழுகிறது, ஒருநாள் முறிகிறது.

ஆகவே போல்ட் 'உள்ளே நிற்கிறதா' என்ற கேள்வி போதாது. முழு இறுக்கத்தையும் தாங்கி, அதை விடாமல் வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கீழே வரும் எல்லா முறைகளையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

வேலை தொடங்கும் முன்

சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நொடிகூட அடியில் போகக்கூடாது. துருப்பிடித்த போல்ட்டை நீளமான கைப்பிடியால் இழுக்கிற விசை வண்டியையே பக்கவாட்டில் அசைத்துவிடும். பாரம் தாங்கும் இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியைக் கையால் குலுக்கிப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

காயில் ஸ்பிரிங் உள்ள சஸ்பென்ஷன் என்றால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அழுந்திய ஸ்பிரிங்கை லோயர் ஆர்ம்தான் பிடித்து வைத்திருக்கும் அமைப்பில், போல்ட்டை உருவியதும் ஆர்ம் வேகமாகக் கீழே அடிக்கும். ஆர்முக்கு அடியில் தனி ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொண்டுதான் உருவ வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே இருக்கும் நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாமல் தொடவே வேண்டாம்.

அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் அளவு, வலிமைக் குறி, இறுக்க அளவு, ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

எது போயிருக்கிறது?

ஊடுருவிப் போகும் போல்ட்டும் மறுபக்கம் தனி நட்டும் என்றால் கவலையே இல்லை. இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டால் முடிந்தது. சிக்கல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, சேஸியின் பெட்டிப் பகுதிக்குள் வெல்டு செய்து மறைத்து வைத்திருக்கும் நட்; இதை இனி 'மறை நட்' என்கிறேன். இன்னொன்று, சக்கர அச்சைத் தாங்கும் நக்கிள் அல்லது அலுமினிய கிராஸ் மெம்பர் போன்ற வார்ப்புப் பாகத்திலேயே வெட்டிய மரை.

ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் போல்ட்டைத் திருப்பும்போது கொஞ்சம் சுற்றி, விட்டதும் பின்னோக்கித் துள்ளினால், பெரும்பாலும் மரை போகவில்லை. ஆர்ம் முனையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு போல்ட் துருவால் ஒட்டிப்போயிருக்கிறது. நீங்கள் முறுக்குவது ரப்பரை. இதற்கு இன்செர்ட் (போன மரைக்குப் பதிலாகத் துளைக்குள் பொருத்தும் புதிய மரை) எதுவும் தேவையில்லை. போல்ட்டை அறுத்து எடுத்து, புஷ்ஷையும் போல்ட்டையும் புதிதாகப் போட வேண்டியதுதான். அதேபோல் போல்ட்டோடு சேர்ந்து உள்ளே நட்டும் சுற்றினால் அது வேறு வேலை. அதைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்து அளவு. சஸ்பென்ஷனில் அதிகம் வருவது எம்10 × 1.25, எம்12 × 1.25, எம்12 × 1.5, எம்14 × 1.5. முதல் எண் போல்ட்டின் விட்டம், இரண்டாவது மரைக்கு மரை உள்ள இடைவெளி, இரண்டும் மில்லிமீட்டரில். ஒரே எம்12 போல்ட் 1.25, 1.5, 1.75 என்று மூன்று மரை இடைவெளியிலும் கிடைக்கிறது. தவறானதைப் போட்டு மல்லுக்கட்டி இறுக்கியே பல மரைகள் போகின்றன. மரை அளவுகோல் இல்லாவிட்டால், பத்து மரைகளின் நீளத்தை வெர்னியரால் அளந்து பத்தால் வகுங்கள். பழைய பிரிட்டிஷ், அமெரிக்கக் கார்களில் அங்குலக் கணக்கு வரும். அங்கே ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ண வேண்டும்.

போல்ட் தலையில் பொறித்திருக்கும் 8.8, 10.9 என்ற எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால் அறுபடும் வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். இரண்டாம் எண்ணை 10ஆல் பெருக்கினால், அதில் எத்தனை சதவீதத்தில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது. 10.9 என்றால் 1000, அதில் 90 சதவீதம். துருப்பிடிக்காதே என்று ஆசைப்பட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுபவர்கள் இருக்கிறார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் வலிமை 700தான்; 8.8ஐவிடவும் குறைவு. சஸ்பென்ஷனுக்கு அது வேண்டாம்.

கடைசியாக, சுற்றியுள்ள தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மந்தமான ஒலி, செதில் செதிலாக உதிரும் துரு, வெல்டு ஓரத்தில் விரிசல் இதில் ஏதாவது தெரிந்தால் மரையை விட்டுவிட்டு முதலில் சேஸியைச் சரிசெய்யுங்கள். உளுத்த தகட்டில் எவ்வளவு நல்ல மரை வெட்டினாலும் இறுக்கம் நிற்காது.

மாட்டிக்கொண்ட போல்ட்டை எடுப்பது

மரை போவது பெரும்பாலும் பூட்டும்போது என்று தோன்றும். ஆனால் கழற்றும்போதே பாதி சேதம் நடந்துவிடுகிறது. மறை நட்டைத் தாண்டிப் பெட்டிக்குள் நீண்டிருக்கும் போல்ட் நுனி வருடக்கணக்கில் துருவேறிப் பருத்திருக்கும். போல்ட்டைத் திருப்பும்போது அந்தத் துரு நட்டுக்குள் இழுபட்டு, நல்ல மரையை அரைத்துக்கொண்டே வருகிறது. ஆகவே துரு இளக்கும் எண்ணெயைத் தலைப் பக்கம் மட்டும் அடித்தால் போதாது. சேஸியில் இருக்கும் வடிகால் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, நுனிப் பக்கமும் நனையும்படி அடிக்க வேண்டும். முந்தின நாளே தொடங்கி, விட்டுவிட்டு நாலைந்து முறை அடிப்பது நல்லது.

அறுபக்க சாக்கெட் போட்டுக் கால் சுற்று கழற்றுங்கள், அதில் பாதியைத் திரும்ப இறுக்குங்கள், எண்ணெய் விடுங்கள், மறுபடி கழற்றுங்கள். இறுக்கம் கூடுவது தெரிந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், பின்னோக்கிப் போங்கள். பொறுமையாகச் செய்தால் மரை தப்பிக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. போல்ட்டைவிட நட்டைச் சுற்றியுள்ள பகுதியைச் சூடாக்க வேண்டும்; நட் விரிந்தால் பிடி தளரும். பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், அடித்தகட்டுப் பூச்சு எல்லாமே பக்கத்திலேயே இருக்கும் என்பதால் திறந்த சுடரைவிட இண்டக்ஷன் ஹீட்டர் பாதுகாப்பானது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிவக்கச் சூடேறிய உயர்வலிமை போல்ட் பதம் இழந்திருக்கும், திரும்பப் போடக்கூடாது.

மரை போய் உள்ளேயே சுற்றுகிற போல்ட்டுக்கு, தலைக்கு அடியில் கடப்பாரை முனையைக் கொடுத்து வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே திருப்பினால் மிச்ச மரையில் பிடித்துக்கொண்டு வெளியே வரும். தலை முறிந்து துண்டு உள்ளே நின்றுவிட்டால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து நடுவே வெல்டு செய்து திருப்புவதுதான் நான் முதலில் பரிந்துரைக்கும் வழி. வெல்டு சூடே துருவை உடைத்துவிடும். அதுவும் முடியாதபோது சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுற்றும் ட்ரில் பிட்டால் துளையுங்கள். துளைக்கும்போதே பல நேரம் துண்டு கழன்று வந்துவிடும். துண்டில் துளையிட்டு, அதில் செருகித் திருப்பி எடுக்கும் ஈஸி-அவுட்டை மட்டும் பலமாக முறுக்காதீர்கள். அது கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில்லால் துளைக்க முடியாது, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

லேசான சேதம் என்றால்

போல்ட் வெளியே வந்துவிட்டது, சரி. துளையை வயர் பிரஷ்ஷாலும் கிளீனராலும் சுத்தம் செய்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மரையின் முனைகள் நசுங்கி மட்டுமே இருந்தால் மரை சீராக்கியை ஓட்டினால் போதும். புதிதாக மரை வெட்டும் கருவியான டேப்பைவிட இது நல்லது. டேப் உலோகத்தை வெட்டி எடுத்துவிடும், சீராக்கி நசுங்கியதை நிமிர்த்தும். அது கிடைக்காவிட்டால் அதே அளவுள்ள நல்ல போல்ட்டில் நீளவாக்கில் மூன்று பள்ளம் அறுத்து, பிசிறு நீக்கி, எண்ணெய் விட்டு ஓட்டலாம்.

ஆனால் எங்கே சேதம் என்பதைக் கவனியுங்கள். நட்டில் எல்லா மரையும் பாரத்தைச் சமமாகப் பங்கிடுவதில்லை. போல்ட் தலைக்கு மிக அருகே இருக்கும் முதல் மரையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. உள்கோடியில் ஒரு மரை குறைவது பெரிதில்லை. முதல் இரண்டு மரை உரிந்திருந்தால் சீராக்கி உதவாது. அடுத்த முறைக்குப் போய்விடுங்கள்.

இன்செர்ட் போடுவது

பெரும்பாலான பழைய கார்களுக்கு இதுதான் சரியான வழி. காரணம், போல்ட்டின் மூல அளவு மாறுவதில்லை. 'எம்12 போய்விட்டதா, எம்14ஆகப் பெருக்கிவிடலாம்' என்று சொல்வது எளிது. ஆனால் புஷ்ஷின் உள்குழாய், பிராக்கெட்டின் துளை எல்லாமே எம்12க்காகச் செய்தவை. அவற்றையும் பெருக்கப்போனால் குழாயின் சுவர் மெலியும், பிராக்கெட் ஓரம் குறையும். வழியில் புஷ் எதுவும் இல்லாத, ஓரத்தில் தாராளமாக உலோகம் இருக்கிற இடத்தில் மட்டும் பெரிய போல்ட்டை யோசிக்கலாம்.

இன்செர்ட்டில் இரண்டு வகை. ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுருட்டிய ஹெலிகாயில் வகை ஒன்று. உள்ளும் புறமும் மரை உள்ள கெட்டியான குழாய் வகை இன்னொன்று. அடிக்கடி கழற்றும் இடத்துக்குக் குழாய் வகை மேல். ஆனால் அதற்குக் கூடுதல் விட்டம் வேண்டும். மறை நட்டுக்குப் பெரும்பாலும் சுருள் வகைதான் பொருந்தும். எம்12 × 1.25 சுருளுக்கு வெட்டும் மரையின் வெளிவிட்டம் சுமார் 13.6 மில்லிமீட்டர். நட்டின் எதிரெதிர்ப் பக்க அகலம் 18 அல்லது 19 இருந்தால், ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் சுவர் மிஞ்சும். அதைவிட மெலிந்த நட் என்றால் இதைச் செய்யாதீர்கள்.

நீளம்: எஃகில் போல்ட் விட்டத்தின் ஒரு மடங்காவது, அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. துளை ஆழத்தை அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இனி துளையிடுதல். எம்10 × 1.25க்குச் சுமார் 10.3, எம்12 × 1.25க்குச் சுமார் 12.3 மில்லிமீட்டர் ட்ரில் வரும். நீங்கள் வாங்கிய செட்டில் அச்சிட்டிருக்கும் அளவையே பின்பற்றுங்கள். எடுக்க வேண்டிய உலோகம் மிகக் கொஞ்சம் என்பதால் பிட் பழைய மரையைக் கவ்வி உள்ளே இழுக்கப் பார்க்கும். வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் பிடியுங்கள்.

இந்த வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது நேர்கோடு. துளை சாய்ந்தால் போல்ட் தலை ஒரு பக்கம் மட்டும் உட்காரும், இறுக்கும்போதே போல்ட் வளையும். பிராக்கெட்டுக்கு இரண்டு காதுகள் இருந்தால், மறை நட் இல்லாத காதின் துளையையே வழிகாட்டியாக வையுங்கள். அதில் பிட் ஆடாதபடி பொருந்தும் ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் வழியே பிட்டை விட்டால் மூலக் கோட்டிலேயே போகும். ஒற்றைப் பரப்பு என்றால் மூலைமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே துளைக்க வேண்டும். அடிமூடிய துளையில் ஆழத்தைக் குறிக்கப் பிட்டில் ஒட்டு நாடா ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் செட்டோடு வந்த டேப்பால் மரை வெட்டுங்கள். எஃகுக்கு வெட்டெண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போதும், வார்ப்பிரும்பை உலர்ந்தபடியே வெட்டலாம். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போனால் சீவல் உடைந்து விழும். டேப்பின் பள்ளங்களில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் சீவல் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். வெட்டி முடித்ததும் காற்றடித்து, கிளீனர் விட்டுத் துடையுங்கள். ஒரு சீவல் மிச்சமிருந்தாலும் சுருள் நேராக உட்காராது.

சுருளை அதன் கருவியில் மாட்டி, கீழே அழுத்தாமல் திருப்பி மட்டும் உள்ளே விடுங்கள். அழுத்தினால் ஒரு மரையைத் தாண்டிக் குதித்துவிடும். மேல்முனை பரப்புக்குக் கீழே கால் முதல் அரை மரை இறங்கியதும் நிறுத்துங்கள். அடியில் இருக்கும் குறுக்கு வாலை உடைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் நீளமான போல்ட் அதில் இடித்துச் சுருளையே தள்ளிவிடும். அந்த வால் ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தில் சரியாக ஒட்டாது. முடிந்தால் நீள்மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டே உடையுங்கள்.

புதிய போல்ட்டைக் கையால் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். எங்கும் முட்டாமல் போனால் சரி.

நட்டே சுற்றினால்

மறை நட்டின் வெல்டு விட்டுப்போய்ப் பெட்டிக்குள் நட் சுற்றுகிறது என்றால், அதை எட்டிப் பிடிக்க வழி வேண்டும். முதலில் இருக்கிற துளைகளைப் பாருங்கள். வடிகால் துளை பக்கத்திலேயே இருந்தால், ஒரு பட்டைக் கம்பியின் நுனியில் புதிய நட்டை வெல்டு செய்து, அதன் வழியே உள்ளே விட்டுத் துளைக்கு நேராகப் பிடிக்கலாம். சேஸியை வெட்டாமல் முடிவதால் எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

துளையே இல்லாவிட்டால் ஜன்னல் வெட்ட வேண்டும். தகட்டின் மடிப்பு, மடிப்போர இணைப்பு, ஸ்பாட் வெல்டு இவற்றை விட்டுத் தள்ளி, வட்ட ரம்பத்தால் வட்டமாக வெட்டுங்கள். சதுரமாக வெட்டினால் மூலைகளில் விரிசல் தொடங்கும். பழைய நட்டை எடுத்துவிட்டு, நாலைந்து மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில் புதிய நட்டை வெல்டு செய்து உள்ளே வைக்கலாம். 10.9 போல்ட்டுக்கு 10 என்ற குறியுள்ள நட் வேண்டும். இங்கே பாரத்தைத் தாங்குவது தகட்டின் அழுத்தம்தான். நட் சுற்றாமல் தடுப்பது மட்டுமே வெல்டின் வேலை. ஆகவே மரை உருகும் அளவுக்கு வெல்டைக் குவிக்காமல், பக்கங்களில் சிறு சிறு வெல்டு போட்டால் போதும்.

வெல்டு செய்யும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். நட்டில் துத்தநாகப் பூச்சு இருந்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள், அதன் புகை ஆகாது. இதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் வெல்டு செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். சிறிதளவே உயிருக்கு ஆபத்து. வெல்டு செய்யும் பகுதியில் அந்தக் கிளீனரைப் பயன்படுத்தவே வேண்டாம். பெட்டிக்குள் பழைய மெழுகோ நுரையோ இருந்தால் தீப்பிடிக்கும், அதையும் முன்பே சுரண்டி எடுங்கள்.

வேலை முடிந்ததும் வெட்டிய வட்டத்தைத் திரும்ப வைத்து வெல்டு செய்து, பிரைமர் அடித்து, உள்ளே மெழுகு தெளித்துவிடுங்கள்.

எபாக்ஸியால் மரை வார்ப்பது, டெஃப்லான் நாடா சுற்றுவது, தகட்டில் நசுக்கிப் பொருத்தும் ரிவெட் நட் அடிப்பது, போல்ட்டைப் பிராக்கெட்டோடு வெல்டு செய்துவிடுவது எதுவும் இங்கே ஆகாது. எதுவும் முழு இறுக்கத்தைத் தாங்கி நிற்காது, அல்லது அடுத்த முறை கழற்றவே முடியாதபடி செய்துவிடும். நக்கிளில் பால் ஜாயின்ட்டை (பந்து மூட்டு) கவ்வும் காதுகள் விரிந்தோ விரிசல் விட்டோ இருந்தால், நக்கிளையே மாற்றுங்கள்.

திரும்பப் பூட்டுவது

புதிய போல்ட், புதிய நட், அதே வலிமைக் குறி. போல்ட்டில் மரை இல்லாத வழவழப்பான பகுதி மூலத்தில் எவ்வளவு நீளமோ அவ்வளவே இருக்க வேண்டும். தலைமுதல் நுனிவரை மரை வெட்டிய போல்ட்டைப் போட்டால் பிராக்கெட் துளையின் ஓரம் மரைப் பள்ளத்தில் உட்கார்ந்து தேய்க்கும்.

எல்லாப் போல்ட்டையும் முதல் நாலைந்து சுற்று கையால் மட்டுமே ஏற்றுங்கள். துளை நேராக வராவிட்டால் ஆர்மை ஜாக்கியால் ஏற்றி இறக்கி நேராக்குங்கள், இம்பாக்ட் கன்னால் இழுத்துச் சேர்க்காதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் கவனம். நீங்கள் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் போய்விடுகிறது. மேனுவல் உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை, கிரீஸ் தடவிய மரைக்குக் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி நீளும். புஷ் குழாய்க்குள் போகும் வழவழப்பான பகுதியில் கிரீஸ் தடவலாம். அது அடுத்த முறை துருவில் ஒட்டாமல் காப்பாற்றும். மரையில் மேனுவல் சொன்னது மட்டும்.

இறுக்க அளவும் மேனுவலில் உள்ளதுதான். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் சொல்கிறேன்: எம்10, 8.8 போல்ட்டுக்குப் பொதுவாக 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம்12, 10.9க்கு 110 முதல் 130 வரை. ரப்பர் புஷ் வழியே போகும் போல்ட்டை, சக்கரம் தரையில் நிற்கும் உயரத்தில், பாரம் ஏறிய நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டபடி இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருக்கும், சீக்கிரம் கிழியும்.

இறுக்க அளவைக் காட்டும் ஸ்பானரான டார்க் ரெஞ்சில் இரண்டு மூன்று கட்டமாக ஏற்றும்போது கை சொல்வதைக் கேளுங்கள். சீராகக் கனத்துக்கொண்டே போனால் மரை பிடிக்கிறது. கனம் கூடாமல் போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள், அந்தப் பழுதுபார்ப்பு தோற்றுவிட்டது. இன்செர்ட் போட்ட இடத்தில் முழு அளவுக்கு இறுக்கி, ஒருமுறை கழற்றி, சுருள் கூடவே வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி இறுக்குவது என் பழக்கம். ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டிய போல்ட் என்றால் இந்தச் சோதனையைப் பழைய நல்ல போல்ட்டை வைத்துச் செய்யுங்கள்.

போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். முதலில் மெதுவாக ஓட்டி, பிரேக் போட்டு, வளைத்துப் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் அடியில் பாருங்கள். கோடு விலகியிருந்தாலோ, டார்க் ரெஞ்ச் குறித்த அளவில் கிளிக் கேட்கும் முன் போல்ட் நகர்ந்தாலோ திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோடு அசையவில்லை என்றால் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். ஆர்மைக் கழற்றி மாட்டினால் அது சற்றாவது மாறியிருக்கும், குறிப்பாக, திருப்பினால் சக்கரத்தின் கோணம் மாறும் கேம் போல்ட் உள்ள கார்களில்.